வட்டத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று: வாசகர் வட்டத்தில் இருந்துகொண்டே பிடித்ததையும் படிப்பது எப்படி

நூலக வாசகர் வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் சில கூட்டங்கள் வரைக்கும் உற்சாகத்துக்குக் குறைவே இருக்காது. அதற்குப் பிறகுதான் சிக்கல். மாதாமாதம் கூட்டத்துக்கென்று சொன்ன புத்தகத்தை முடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும், ஆசைப்பட்டு எடுத்து வந்த புத்தகம் பிரிக்காமலேயே தவணை முடிந்து திரும்பிப் போகும், கொஞ்ச நாளில் படிப்பது என்றாலே பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒன்று, வட்டத்துக்கு வருவதை நிறுத்துவார்கள். இல்லையென்றால் படிக்காமலேயே வந்து உட்கார்ந்து, தலையாட்டி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது வகையினர் எல்லா ஊரிலும் உண்டு, பெயர் சொல்ல வேண்டாம்.

என் கட்சி இதுதான்: வட்டத்துக்கு வருகிறவர் முதலில் தன் சொந்தப் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். தனக்கு என்ன பிடிக்கும், எதனால் பிடிக்கும் என்று தெரிந்தவர் வாயைத் திறந்தால்தான் கூட்டம் சூடுபிடிக்கும். எல்லாரும் "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கலைவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஏன் செலவழிக்க வேண்டும்? கீழே எழுதியிருப்பதெல்லாம் தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில், குறிப்பாகக் கிளை நூலகங்களில் நடக்கும் வட்டத்தை மனதில் வைத்து எழுதியது. பத்துப் பதினைந்து பேர், மாதம் ஒரு கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலி, நூலகர் நடுவில் எழுந்து போய்ப் புத்தகம் பதிந்து கொடுத்துவிட்டு வருவார், அந்த மாதிரி.

முதலில் உங்கள் ரசனை என்னவென்று பாருங்கள்

என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று யாரைக் கேட்டாலும் சரித்திர நாவல், சமூக நாவல், தன்வரலாறு என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அதெல்லாம் அலமாரிக்கு ஒட்டுகிற பெயர். நமக்குப் பிடித்த விஷயம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி நூலகத்திலேயே இருக்கிறது, புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்.

உங்கள் நூலகம் டியூவி முறையை, அதாவது பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறையைப் பின்பற்றினால் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்து 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. வாழ்க்கை வரலாறு 920-ஐ ஒட்டி வரும், பயணம் 910-இல், தமிழ்நாட்டு வரலாறு 954.82-இல், பறவைகள் 598-இல், சமையல் 641.5-இல். கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் நீங்கள் எடுத்த புத்தகங்களில் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுங்கள். எண் தெரியவில்லையென்றால் அடுத்த தடவை போகும்போது அலமாரியில் பார்த்துக்கொள்ளலாம். முடித்தவற்றுக்கு ஒரு டிக், பாதியில் விட்டவற்றுக்கு ஒரு சுழி.

நான் என்னை நாவல் வாசகன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளில் இறக்கிப் பார்த்தால் 894.8113 நிறைய இருக்கிறது, சரி, ஆனால் டிக் விழுந்த இடங்களில் 677-உம் 639-உம் எட்டிப் பார்க்கின்றன. முன்னது நெசவு, பின்னது மீன்பிடி. அப்புறம் முடித்த நாவல்களை மறுபடி பார்த்தேன்: உப்பளம், தறி, தோணி, செங்கல் சூளை, ஏதோ ஒரு வேலை அதில் விவரமாக வருகிறது. காதல், துப்பறிதல், ராஜா ராணி எல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு மனிதன் கையால் செய்கிற வேலையை, எந்தக் கருவியை எப்படிப் பிடித்தான் என்கிற அளவுக்கு எழுதியிருந்தால் எனக்கு அது போதும். இது தெரிந்த பிறகு புத்தகம் தேடுவது சுலபமாகிவிட்டது, நாவல் வரிசையில் மட்டும் நின்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு அது வேறாக இருக்கும். சிலருக்குப் பேச்சு. கதாபாத்திரங்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் அறுநூறு பக்கமானாலும் படித்துவிடுவார்கள். சிலருக்கு ஊர். எங்கள் வட்டத்தில் ஓர் அண்ணன், தான் போன ஊர் எதுவும் கதையில் வரவில்லையென்றால் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் தாண்டமாட்டார். கேலியாகச் சொல்லவில்லை, அது ஒரு நல்ல அளவுகோல். அவர் படித்துவிட்டு வந்து, அந்தத் தெருவிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியாதே என்பார், பிறகு அரைமணி நேரம் வேறு பேச்சு கிடையாது.

மாத நாவல், கிரைம் நாவல், குடும்ப நாவல் படிக்கிறவர்கள் வட்டத்தில் அதை மறைத்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஓர் அக்கா நான்கைந்து கூட்டம் வாயே திறக்கவில்லை. நூலகர்தான் ஒருநாள், "அக்கா, நீங்க வாரத்துக்கு எத்தனை கிரைம் எடுத்துட்டுப் போறீங்க, அதைப் பத்திச் சொல்லுங்களேன்" என்றார். "அதெல்லாம் இங்க சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். கொலைகாரனை எந்த அத்தியாயத்தில் முதன்முதலாகச் சாதாரண ஆளாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், எந்த இடத்தில் வாசகரின் சந்தேகத்தை இன்னொருவர் மேல் திருப்புவார்கள் என்று அவர் சொன்ன அளவுக்குக் கதைக் கட்டுமானத்தைப் பற்றி அந்த அறையில் அதுவரை யாரும் பேசியதில்லை.

ஒரு நோட்டு போடுங்கள், ஆனால் கதைச்சுருக்கம் எழுதாதீர்கள்

கதைச்சுருக்கம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நோட்டில் இருக்க வேண்டியது உங்களுக்கு மட்டும் நடந்தது. பத்து ரூபாய் நோட்டு போதும், அழகான டைரி வாங்கினால் அதில் அழகாக எழுத வேண்டும் என்ற பயத்திலேயே எழுதமாட்டோம். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

"ப. 74. அப்பா செத்த செய்தி வருகிறது. அவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறான், முழுசாக அடித்து முடித்து, வால்வை மூடி, பம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் கிளம்புகிறான். ப. 90 முதல் 118 வரை ஓட்டிவிட்டேன், கல்யாணப் பேச்சு. அண்ணிதான் கதையின் ஆள், எழுதியவருக்கே அது தெரியவில்லை போல."

மூன்று வரி. ஒரு வருடம் கழித்து இதைப் பார்த்தாலும் நாவல் மொத்தமும் ஞாபகம் வரும். எந்த இடத்தில் நின்றேன், எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளினேன், யாரோடு சண்டை போடத் தோன்றியது, இவ்வளவுதான் எழுத வேண்டும். பக்க எண்ணோடு கூடவே அத்தியாய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

நூலகப் புத்தகத்தில் கோடு போடாதீர்கள், பென்சிலாலும் கூட. பழைய பஸ் டிக்கெட்டைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம், அல்லது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பேனாவால் எழுதிவைத்த புண்ணியவான் எந்தக் கிளை நூலகத்துக்கும் ஒருவர் இருப்பார், அந்த வரிசையில் நீங்களும் சேர வேண்டாம். ஆனால் ஒன்று, முன்னால் படித்தவர்கள் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. "பொய்!" என்று ஒரே ஒரு சொல், கீழே வேறு கையெழுத்தில் "உமக்கு என்ன தெரியும்". அதுவும் ஒரு வாசகர் வட்டம்தான்.

நேரக் கணக்கு

வட்டப் புத்தகத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், சொந்தப் புத்தகத்துக்குக் கணக்கே வைக்கக் கூடாது. இதுதான் விதி.

240 பக்க நாவல் என்றால் இருபது நாளில் முடிக்கிற மாதிரி நாளைக்கு 12 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. மீதி பத்து நாள், விட்டுப்போன நாட்களை ஈடுகட்டவும் கடைசி வாரத்தில் நோட்டைப் பார்த்து இரண்டு மூன்று இடங்களை மட்டும் மறுபடி படிக்கவும். இந்த இரண்டாம் பார்வையைத் தவறவிடாதீர்கள். கூட்டத்துக்கு முந்தின இரவு முடித்தவருக்கு முடிவு மட்டும்தான் நினைவில் இருக்கும், எல்லாப் பேச்சும் முடிவைப் பற்றியே போய்விடும்.

எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்பதையும் பிரித்துவிடுங்கள். நான் வட்டப் புத்தகத்தைக் காலையில் படிப்பேன், தலை தெளிவாக இருக்கும், கடமையும் முடிந்துவிடும். ராத்திரி எனக்குப் பிடித்தது. அப்போது பக்கக் கணக்கு, நோட்டு எதுவும் கிடையாது, தூக்கம் வந்தால் மூடிவிடலாம். தவணைத் தேதி என்னும் தொல்லை மட்டும் உண்டு. முடியவில்லையென்றால் புதுப்பித்துக்கொள்ளுங்கள், வேறு யாரும் கேட்காத புத்தகமென்றால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வியாழக்கிழமையே போய்விடுவது நல்லது.

இரண்டு புத்தகத்தை ஒரே சமயத்தில் படித்தால் குழம்பாதா என்று கேட்பார்கள். இரண்டும் நாவலாக இருந்தால் குழம்பும். வட்டத்தில் நாவல் ஓடுகிற மாதத்தில் சொந்தமாகக் கட்டுரையோ பயணமோ கவிதையோ எடுங்கள். அடிக்கடி நேரம் கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது குறுந்தொகை. மொத்தம் 401 பாட்டு, பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிதான், நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருடமும் சில வாரமும் வரும். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட உரையோடு படித்தால் ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம், முதலில் பாட்டை இரண்டு தரம் உரக்கப் படித்துவிட்டு, புரிந்த மட்டும் புரியட்டும் என்று விட்டு, அப்புறம்தான் உரைக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் உரைதான் மனதில் நிற்கும், பாட்டு நிற்காது.

தொடர்கதையாக வந்த பெரிய நாவல்களுக்கு வேறு வேகம். பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது, ஐந்து பாகம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாரோ கதவைத் தட்டுவது, விளக்கு அணைவது, ஓர் உருவம் தெரிவது எல்லாம் அடுத்த வாரம் வாசகரைக் கொண்டுவந்து நிறுத்துவதற்காக. அதை ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்தால் இந்தத் திருப்பங்களே சலித்துப்போகும். நாளைக்கு மூன்று நான்கு அத்தியாயம், அதோடு நிறுத்துங்கள். நிறுத்துவது கஷ்டம்தான், அந்தக் கஷ்டத்தைத்தான் அந்தக் காலத்து வாசகர் ஒரு வாரம் அனுபவித்தார்.

ஒரே பிரதி, பன்னிரண்டு பேர்

கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் ஒன்றோ இரண்டோ பிரதிதான் இருக்கும். முதலில் எடுத்தவர் வீட்டில் அது மூன்று வாரம் தூங்கும், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் எட்டுப் பேர் அவருக்கு ஃபோன் போடுவார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த தீர்வுகள் இவை.

முதலாவது, நாட்டுடைமை ஆக்கப்பட்ட, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுப்பது. பாரதியார் எழுத்தில் 1949-இல் தொடங்கிய வழக்கம், அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழைய இலக்கியம் என்றால் 1998-இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. சட்டப்படியும் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை போய்விடும். சிக்கல் என்னவென்றால், நாட்டுடைமையான நூலைப் பல பதிப்பகம் போடும், பக்க எண் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. உங்கள் 112-ஆம் பக்கம் எனக்கு 87. அதற்குத்தான் அத்தியாய எண். மலிவுப் பதிப்புகளில் பத்தியே காணாமல் போயிருக்கும், அச்சுப்பிழையில் அர்த்தம் மாறியிருக்கும், ஆகையால் ஒரு வாக்கியத்தை வைத்துச் சண்டை போடுவதற்கு முன்னால் இரண்டு பதிப்பை ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அந்த மாதம் சிறுகதைத் தொகுப்பு எடுப்பது. ஒரு தொகுப்பைத் தவணை முறையில் ஆளுக்கு இரண்டு நாள் என்று சுற்றவிடலாம், ஆளுக்கு நான்கு கதை படித்தால் போதும், எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கதை. நாவலைவிட இதில் பேச்சு நன்றாக நடக்கிறது என்பது என் அனுபவம், ஏனென்றால் பத்துப் பக்கத்தை எல்லாரும் உண்மையிலேயே படித்திருப்பார்கள்.

மூன்றாவது, கேட்டு வாங்குவது. வேண்டிய புத்தகத்தை நூலகரிடம் எழுதிக் கொடுங்கள், மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். அச்சிலேயே இல்லாத புத்தகம் என்றால் சென்னைக்குப் போகும்போது எழும்பூர் கன்னிமாராவில் தேடலாம். 1896-இல் திறந்த நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி அங்கே வந்து சேர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு வரலாம்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்

தமிழ்ப் புத்தகங்களில் கதை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஊர்வலமே போகும். பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றியுரை. அணிந்துரை எழுதுகிறவருக்குக் கதையைச் சொல்லாமல் பாராட்டத் தெரியாது. ஆறாவது பக்கத்திலேயே கதாநாயகி கிணற்றில் விழுந்துவிடுவாள், நீங்கள் இருநூற்றுப் பத்தாவது பக்கம் வரைக்கும் அந்தக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். ஆனால் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை மட்டும் முதலில் பாருங்கள்: முதல் பதிப்பு எந்த வருடம், மொழிபெயர்ப்பென்றால் எந்த மொழியிலிருந்து, யார் செய்தது. 1960-இல் எழுதிய நாவலை நேற்று எழுதியதாக நினைத்துக்கொண்டு பெண்களைப் பற்றி இப்படியா எழுதுவது என்று கோபப்பட்டவர்கள் உண்டு. கோபம் சரியாகவும் இருக்கலாம், வருடம் தெரிந்து கோபப்படுவது வேறு கோபம்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் பலர் கைவிடுவது பெயர்களால். ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயரை ஒட்டிய பெயர், குடும்பப் பெயர், செல்லப்பெயர் என்று நான்கு இருக்கும், பேசுகிற ஆளைப் பொறுத்து மாறிக்கொண்டே வரும். ஒரு அட்டையில் பெயர்களை எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது பக்கம் தாண்டினால் தானாகவே பழகிவிடும். வங்காளம், மலையாளம், கன்னடத்திலிருந்து வந்தவற்றுக்குச் சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளைத் தேடுங்கள், பழைய நூலகங்களில் தொடப்படாமலேயே இருக்கும். சிலவற்றின் தமிழ் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

வட்டார வழக்கு நாவல்கள் இன்னொரு சுவர். கொங்குக்காரர் கரிசல் நாவலை எடுத்தால் முதல் இருபது பக்கம் திணறுவார், நாஞ்சில் நாட்டுக் கதை மதுரைக்காரரைச் சுற்றவிடும். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாகத் தேடினால் கதை செத்துவிடும். பேச்சு வருகிற இடங்களை வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் போனால் பாதி புரிந்துவிடும். கடைசி வரை தொல்லை கொடுக்கிற சொற்களை மட்டும் குறித்துவைத்துப் பிறகு தேடுங்கள். கரிசல் சொற்களுக்குக் கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியே இருக்கிறது. அதைவிட நல்ல வழி, வட்டத்தில் அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் ஒரு பக்கத்தை அவரைப் படிக்கச் சொல்வது. எங்கள் கூட்டத்தில் திருநெல்வேலிக்கார ஐயா ஒருவர் ஒரு சண்டைக் காட்சியைப் படித்துக் காட்டினார், நாங்கள் சோகமான இடம் என்று நினைத்துக்கொண்டு வந்த காட்சி அது. அவர் படித்த பிறகு சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.

பாதியில் விடலாமா?

தாராளமாக விடலாம். சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்வார்: ஐம்பது பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வருகிற அளவுக்குப் படித்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம். வயதாக ஆக நேரம் குறைவு, அவ்வளவுதான் காரணம். சொந்தப் புத்தகத்துக்கு இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வட்டப் புத்தகத்தை விடும்போது மட்டும் ஒரு நிபந்தனை. எந்தப் பக்கத்தில், எதனால் விட்டீர்கள் என்று கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டும். படிக்கவில்லை, அதனால் வரவில்லை என்பது வேண்டாம். மூன்று பேர் ஒரே அத்தியாயத்தில் விட்டிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது, முழுசாகப் படித்தவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிவைத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது, மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். நீங்கள் மூடிய புத்தகத்துக்கு ஆள் நீங்கள் இல்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஆகையால் "குப்பை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நானே இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன், அந்தப் புத்தகங்கள் குப்பைதான் என்று இப்போதும் நினைக்கிறேன், அது வேறு விஷயம்.

கூட்டத்தில்

போகும்போது நோட்டிலிருந்து ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது அந்தப் பத்தியை வாசித்துவிட்டு, இங்கே நான் ஏன் நின்றேன் என்று சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும். எந்த வட்டத்திலும் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்கிற ஒரு சார் இருப்பார். அவரை மரியாதையாக நிறுத்த ஒரு வழி உண்டு. நடுவில், "சார், அந்தத் தங்கச்சி ஊரைவிட்டுப் போனது சரிதானா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். சுருக்கம் நின்று கருத்து வந்துவிடும். பெரும்பாலும் நல்ல கருத்தாகவே இருக்கும், அதைச் சொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் சுற்றி வந்திருப்பார்.

உங்கள் ரசனையைச் சொல்லிவிட்டுப் பேசினால் கேட்கிறவருக்கும் சௌகரியம். "எனக்கு வேலையைப் பற்றிய விவரம் இருந்தால் பிடிக்கும், இதில் தச்சர் என்று சொன்னவர் கடைசிவரை ஓர் உளிகூட எடுக்கவில்லை, அதனால் எனக்கு ஒட்டவில்லை" என்று நான் சொன்னால், அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியும். வாட்ஸாப் குழுவில் விவாதத்தைத் தொடரலாம் என்பார்கள், இரண்டு நாளில் காலை வணக்கப் படங்கள் வந்துவிடும், கூட்டத் தேதி சொல்ல மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முறை வரும்போது

அடுத்த மாதப் புத்தகத்தை நீங்கள் சொல்ல வேண்டிய முறை வந்தால், உங்களுக்கு உயிரான புத்தகத்தைச் சொல்லாதீர்கள். அதை யாராவது சாதாரணமாக ஒதுக்கிவிட்டுப் போவார்கள், அந்த ஆளோடு பிறகு பேசவே முடியாது. அரைகுறையாகப் பிடித்தது, முடிவு பிடிக்காதது, பாதி பிடித்து மீதி எரிச்சலூட்டியது, இந்த மாதிரிப் புத்தகம்தான் கூட்டத்துக்கு ஏற்றது. இருநூற்று ஐம்பது பக்கத்துக்குள் இருக்கட்டும். பிரதி கிடைக்கிறதா என்று நூலகரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வட்டத்தில் நாவலே தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் தாளில் டிக் விழுந்த அந்த வேறு எண்களிலிருந்து ஒன்றைக் கொண்டுவாருங்கள். நான் நெசவைப் பற்றிய ஒரு புத்தகத்தைச் சொன்னபோது பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். கூட்டத்தன்று அதுவரை பேசாத ஒருவர் தன் அப்பா வைத்திருந்த குழித்தறியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், பாவு ஓட்டுவதற்குத் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்பதிலிருந்து மழை வந்தால் என்ன செய்வார்கள் என்பது வரைக்கும். புத்தகத்தில் இல்லாத விஷயங்கள். நூலகர் கதவைப் பூட்ட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.